‘ரெண்டு கேப்சூல் குடுங்க’: ஆன்டிபயாட்டிக் மருந்தும் நம் வணிகமும்



ஜி.எஸ்.டி., எடைக்கல் முத்திரை, உணவு உரிமம் என்று நம் தொழிலுக்கு வேண்டிய பல விஷயங்களை மாதந்தோறும் நம் இதழில் படித்து வருகிறோம். இந்த முறை ஒரு சின்னச் சரக்கைப் பற்றி எழுத முன்வந்திருக்கிறோம். நீளம் ஓர் அங்குலத்துக்கும் குறைவு. விலை ஒரு டீ, வடை செலவைத் தாண்டாது. மருந்துக் கடை மட்டுமின்றி மளிகைக் கடையிலும் பெட்டிக் கடையிலும்கூட அது டப்பாவில் கிடப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அதுதான் அமாக்ஸிஸிலின் என்னும் ஆன்டிபயாட்டிக் கேப்சூல்.

மருந்து மொத்த வியாபாரத்துக்கு நாங்கள் வந்து 40 வருடங்களுக்கு மேல் ஆகிறது. நாங்கள் மருத்துவம் படித்தவர்கள் அல்ல. பள்ளி இறுதித் தேர்வு தேறி, நான்கு வருடம் மருந்து விற்பனையில் அனுபவம் இருந்தால் மொத்த விற்பனை உரிமம் பெறலாம் என்று சட்டம் இடம் தருகிறது. அந்த வழியில் வந்தவர்கள் நாங்கள். ஆகவே இதை ஒரு வைத்தியரின் உபதேசமாக எண்ண வேண்டாம். ஒரு வியாபாரி சக வியாபாரிகளிடம் மனம் விட்டுப் பேசுவதாகவே எடுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

எங்கள் கடையில் பில் போட்ட சரக்கு

முப்பது வருடங்களுக்கு முந்தைய சம்பவம் இது. நம் ஊரிலிருந்து 20 கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமம். அங்கே மளிகைக் கடை வைத்திருந்த ஓர் அண்ணாச்சி வாரம் ஒரு முறை பஜாருக்குச் சரக்கு எடுக்க வருவார். வத்தல், மல்லி, பருப்பு, எண்ணெய் எல்லாம் வண்டியில் ஏற்றிவிட்டு, கடைசியாக எங்கள் கடைக்கு வருவார்.

“அண்ணாச்சி, அந்தச் சிவப்பு மஞ்சக் கேப்சூல் ஒரு பெட்டி போடுங்க” என்பார். நாங்களும் போடுவோம். மருந்து விற்க உரிமம் இருக்கிறதா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டால் வேறு கடைக்குப் போய்விடுவார் என்ற எண்ணம். ரொக்கம் வைத்துச் சரக்கு எடுக்கிற நாணயமான மனிதர். அப்படிப்பட்ட வாடிக்கையை யார் விடுவார்கள்?

அவர் கடையில் ஒரு கத்தரிக்கோல் ஆணியில் தொங்கும். காய்ச்சல், தொண்டை வலி, பல் வலி, காலில் புண் என்று யார் வந்து கேட்டாலும் ஸ்ட்ரிப்பிலிருந்து இரண்டு கேப்சூலை வெட்டிக் கொடுப்பார். “காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு போடுங்க, சரியாப் போயிரும்” என்பார். பணத்தாசையால் செய்ததல்ல. டாக்டரைப் பார்க்க வேண்டுமானால் பஸ் ஏறித்தான் வர வேண்டும். ஊர் ஜனங்களுக்கு உதவி செய்வதாகவே அவர் நினைத்தார்.

அவருடைய மகனுக்கு அப்போது பத்து வயது. பையனுக்கு அடிக்கடி தொண்டை வலியும் காய்ச்சலும் வரும். மருந்து கடையிலேயே இருக்கிறதே! இரண்டு கேப்சூல், மிஞ்சினால் மூன்று. காய்ச்சல் இறங்கியதும் நிறுத்திவிடுவார். இப்படியே இரண்டு வருடம் ஓடியது. ஒரு முறை தொண்டை வலி தீர்ந்து இரண்டு மூன்று வாரத்தில் பையனுக்கு முழங்காலும் கணுக்காலும் வீங்கி வலித்தன. பிறகு ஓடியாடினால் மூச்சு வாங்கியது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ருமாட்டிக் காய்ச்சல் என்றும், இருதய வால்வு பழுதாகியிருக்கிறது என்றும் சொன்னார்கள்.

தொண்டையில் தங்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற ஒரு வகைப் பாக்டீரியாக் கிருமியால் வருவது அது. அந்தக் கிருமியை எதிர்க்கப் புறப்படும் நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே, பின்னால் சிலருக்கு மூட்டையும் இருதயத்தையும் தாக்கிவிடுகிறது. அந்தத் தொண்டைப் புண்ணுக்கு உரிய காலத்தில் உரிய மருந்தைப் பத்து நாள் முழுதாகக் கொடுத்தால் இந்த ஆபத்தைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். “இந்தப் பையன் நிச்சயம் தப்பித்திருப்பான் என்று சொல்ல முடியாது. ஆனால் தப்பிக்க நல்ல வாய்ப்பு இருந்தது” என்றாராம் டாக்டர்.

அதன் பிறகு அந்தப் பையனுக்கு 21 நாளுக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி. அதுவும் பல வருடங்களுக்கு. நோய் திரும்ப வந்து வால்வை மேலும் கெடுக்காமல் காப்பதற்கு அந்த ஊசி. பத்து நாள் கேப்சூலாகப் போக வேண்டிய மருந்தின் இனத்தைச் சேர்ந்த மருந்துதான், வருடக் கணக்கில் ஊசியாகப் போயிற்று.

அண்ணாச்சி எங்களை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அடுத்த முறை சரக்கு எடுக்க வந்தபோது, “அந்தக் கேப்சூல் வேண்டாம் அண்ணாச்சி” என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல் இன்றும் உறுத்துகிறது. அவர் வெட்டிக் கொடுத்தார் என்றால், பெட்டி பெட்டியாகப் பில் போட்டது நாங்கள்தானே? நாம் விற்கிற சரக்கு என்ன என்பதை அன்றைக்குத்தான் விசாரித்துத் தெரிந்துகொள்ள ஆரம்பித்தோம். டாக்டர்களிடமும் மருந்தாளுநர்களிடமும் கேட்டு அறிந்ததையே இங்கே தருகிறோம்.

கேப்சூலுக்குள் என்ன இருக்கிறது?

அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதை ஒரு முறை படித்துப் பாருங்கள். ‘அமாக்ஸிஸிலின் டிரைஹைட்ரேட், 500 மில்லிகிராம் அமாக்ஸிஸிலினுக்குச் சமமான அளவு’ என்று இருக்கும். இது என்ன சுற்றி வளைத்த கணக்கு என்று தோன்றும். நமக்குப் பழக்கமான கணக்குதான்.

வத்தல் மூட்டையை எடை போடும்போது ஈரத்துக்குக் கழிவு பார்க்கிறோம் அல்லவா? அதுபோல இந்த மருந்துத் தூளில் இயற்கையாகவே நீர் சேர்ந்திருக்கிறது. ஒரு மருந்து மூலக்கூறுக்கு மூன்று நீர் மூலக்கூறு என்பதுதான் ‘டிரைஹைட்ரேட்’ என்பதன் பொருள். ஆகவே சுமார் 574 மில்லிகிராம் தூள் போட்டால்தான் நிகர மருந்து 500 மில்லிகிராம் கிடைக்கும். அட்டையில் 500 என்று போட்டிருப்பது நிகர எடை.

மருந்துத் தூளோடு மெக்னீசியம் ஸ்டீரேட் போன்ற ஒன்றிரண்டு துணைப் பொருட்கள் கொஞ்சம் இருக்கும். தூள் இயந்திரத்தில் ஒட்டாமல் ஓடுவதற்காக அவை. மேல் கூடு பெரும்பாலும் ஜெலட்டினால் ஆனது. மாட்டின் எலும்பு, தோல் முதலியவற்றிலிருந்து ஜெலட்டின் எடுக்கப்படுகிறது. சைவ வாடிக்கையாளர் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். டாக்டரிடம் சொன்னால் வேறு வடிவில் எழுதித் தருவார்.

கூட்டின் நிறத்துக்கும் நோய் தீர்வதற்கும் சம்பந்தம் இல்லை. ‘சிவப்பு மஞ்சள்’ என்று கேட்கிறார்கள், நாமும் எடுத்துக் கொடுக்கிறோம். அதே நிறத்தில் முற்றிலும் வேறு மருந்தும் வரலாம். நிறத்தைப் பார்த்து மருந்து கொடுப்பது, சாக்கின் நிறத்தைப் பார்த்து உள்ளே இருப்பது துவரையா கடலையா என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

அது எப்படி வேலை செய்கிறது?

அமாக்ஸிஸிலின் பென்சிலின் குடும்பத்து மருந்து. லண்டனில் அலெக்ஸாண்டர் ஃபிளெமிங் பென்சிலினைக் கண்டது 1928-ல். அதிலிருந்து புதிய மருந்துகளைச் செய்வதற்கான மூலப்பொருளை இங்கிலாந்தில் பீச்சம் கம்பெனியின் விஞ்ஞானிகள் 1957-ல் பிரித்தெடுத்தார்கள். அந்தக் கம்பெனியிடமிருந்து ஆம்பிஸிலின் 1961-லும் அமாக்ஸிஸிலின் 1972-லும் விற்பனைக்கு வந்தன. நம் நாட்டில் புனே அருகே பிம்ப்ரியில் மத்திய அரசின் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் நிறுவனம் 1954-ல் அமைந்தது.

பாக்டீரியாக் கிருமியைச் சுற்றிக் கோட்டைச் சுவர் போல ஓர் உறை உண்டு. கிருமி பெருகும்போது அந்தச் சுவரைக் கட்டிக்கொண்டே போக வேண்டும். அந்தக் கட்டுமான வேலையை இந்த மருந்து தடுத்துவிடுகிறது. சுவர் பலவீனப்பட்டுக் கிருமி வெடித்து மடிகிறது. மனிதனின் உயிரணுக்களுக்கு அப்படிப்பட்ட சுவர் கிடையாது. அதனால்தான் கிருமியைக் கொல்லும் மருந்து நம்மைக் கொல்வதில்லை.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் விளங்கும். வைரஸ் கிருமிக்கு அந்தச் சுவர் இல்லை. சாதாரண ஜலதோஷம், ஃப்ளூ, டெங்கு, கொரோனா எல்லாம் வைரஸால் வருபவை. அவற்றைக் குணப்படுத்த அமாக்ஸிஸிலின் உதவாது. “போன தடவை ரெண்டு கேப்சூல் போட்டேன், ஜலதோஷம் போயிருச்சே” என்பார்கள். ஜலதோஷம் சில நாளில் தானாகப் போகக்கூடியது. போன பேர் மட்டும் கேப்சூலுக்கு!

இன்னொன்று, இந்த மருந்து உடம்பில் நெடுநேரம் தங்குவதில்லை. சாப்பிட்ட 6 முதல் 8 மணி நேரத்துக்குள் சுமார் 60 சதம் சிறுநீரில் வெளியேறிவிடும். எட்டு மணிக்கு ஒரு தரம் என்று டாக்டர்கள் பெரும்பாலும் எழுதுவது இதனால்தான். ‘காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று’ என்று நம் இஷ்டத்துக்கு மாற்றினால் இடையில் கிருமிக்கு மூச்சுவிட நேரம் கிடைத்துவிடுகிறது.

625-ன் கணக்கு

சில கிருமிகள் இந்த மருந்தையே உடைத்துப் போடும் ஒரு பொருளைச் சுரக்கின்றன. அதற்கு மாற்றாக வந்ததுதான் கிளாவுலனிக் அமிலம். அது கிருமியின் ஆயுதத்தைத் தன்மேல் வாங்கிக்கொண்டு, அமாக்ஸிஸிலினை வேலை செய்ய விடுகிறது. இரண்டும் கலந்த மருந்து 1981-ல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. அதைத்தான் இன்று ‘625’ என்று கேட்டு வாங்குகிறார்கள்.

625 என்றால் 625 மில்லிகிராம் அமாக்ஸிஸிலின் அல்ல. 500 அமாக்ஸிஸிலின், 125 கிளாவுலனிக் அமிலம். 375 என்றால் 250-ம் 125-ம். கடையில் 625 இல்லாதபோது, ‘375-ல் இரண்டு போட்டால் 750 ஆகிறது, அதிகம்தானே, நல்லதுதானே’ என்று கொடுக்கிறவர்கள் உண்டு. கூட்டிப் பாருங்கள்: அமாக்ஸிஸிலின் 500 சரிதான், கிளாவுலனிக் அமிலம் 250, அதாவது இரு மடங்கு. அதனால் கிடைப்பது கூடுதல் குணம் அல்ல, கூடுதல் வயிற்றுப்போக்கு.

கிளாவுலனிக் அமிலத்துக்கு ஈரம் ஆகவே ஆகாது. அதனால்தான் இந்த மாத்திரை தடித்த அலுமினிய அட்டையில் வருகிறது. மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்துத் தாளில் மடித்துக் கொடுப்பதும், வீட்டில் டப்பாவில் போட்டு வைப்பதும் மருந்தை வீணாக்கும் செயல்கள். மழைக்காலத்தில் கிட்டங்கியின் சுவரை ஒட்டி மருந்துப் பெட்டிகளை அடுக்காதீர்கள். மளிகைச் சரக்குக்குச் சொல்கிற அதே விதிதான் இதற்கும்.

குழந்தைகளுக்கான பவுடர்

குழந்தைகளுக்கு இம்மருந்து பாட்டிலில் பவுடராக வரும். பாட்டிலில் போட்டிருக்கும் கோடு வரை, கொதிக்க வைத்து ஆற்றிய நீரை ஊற்றிக் குலுக்க வேண்டும். ஒவ்வொரு வேளையும் கொஞ்சம் பவுடரை எடுத்துத் தண்ணீரில் கலக்கிக் கொடுக்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். அளவு தெரியாமல் போய்விடும். சுடச்சுட நீர் ஊற்றினாலும் மருந்து கெடும். கலந்த பின் பல மருந்துகள் 7 நாள்தான் தாங்கும். எத்தனை நாள் என்பதும், ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டுமா என்பதும் பாட்டிலிலேயே இருக்கும். மிச்சத்தை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்து வைக்கக் கூடாது. அளவு குழந்தையின் எடைக்கு ஏற்ப மாறும். ஆகவே அண்ணன் மருந்தைத் தம்பிக்குக் கொடுக்கக் கூடாது. இதைச் சொல்லிக் கொடுக்க அரை நிமிடம் போதும். மருந்துக் கடைச் சகோதரர்கள் அந்த அரை நிமிடத்தைச் செலவிட வேண்டுகிறோம்.

சில்லறையில் விற்கக் கூடாத சரக்கு

நம் தொழிலுக்கு ஒரு குணம் உண்டு. வாடிக்கையாளர் எவ்வளவு கேட்கிறாரோ அவ்வளவு கொடுப்போம். பத்து ரூபாய்க்குக் கடுகு கேட்டாலும் மடித்துக் கொடுப்போம். கையில் காசு குறைவாக உள்ளவரும் வாங்கிப் போகட்டும் என்பது நல்ல எண்ணம்தான். கடுகுக்கு அது சரி. ஆன்டிபயாட்டிக்குக்கு அது பொருந்தாது.

காரணம் இதுதான். அரைகுறையாக மருந்து போனால் பலவீனமான கிருமிகள் சாகும், பலமானவை பிழைக்கும். கிட்டங்கியில் எலிக்கு மருந்து வைக்கிறவர்களுக்கு இது தெரியும். கொஞ்சம் தின்று பிழைத்த எலி அடுத்த முறை அதைத் தொடாது. கிருமி விஷயம் அதைவிட மோசம். மருந்தைத் தாங்கும் திறன் அதன் வாரிசுகளுக்குப் பிறவியிலேயே வந்துவிடுகிறது. பக்கத்துக் கிருமிகளுக்கும் அது கைமாறுகிறது. அந்தக் கிருமி வாங்கிச் சாப்பிட்டவரோடு நிற்பதில்லை. அவர் வீட்டுக் குழந்தைக்கும், நம் கடைப் பையனுக்கும், ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிடப்பவருக்கும் போகும். பஜாரில் ஒருவர் கலப்படம் செய்தால் மொத்த பஜாரின் பெயரும் கெடுவது போல, ஒருவர் தவறாகச் சாப்பிட்டாலும் மருந்தின் வலு எல்லோருக்கும் குறைகிறது.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் அல்ல. 1945-ல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே ஃபிளெமிங் இதை எச்சரித்துவிட்டார். பென்சிலினைக் கடைகளில் யாரும் வாங்கலாம் என்ற காலம் வரக்கூடும். அப்போது விவரம் தெரியாதவர்கள் குறைந்த அளவில் சாப்பிட்டுக் கிருமிகளைப் பலப்படுத்திவிடுவார்கள் என்ற கருத்தை அவர் சொன்னார். கடைகளில்! மருந்தைக் கண்டவர் அன்றே நம்மைத்தான் நினைத்திருக்கிறார்.

அவர் அஞ்சியது நடந்துவிட்டது. மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக் கிருமிகளால் 2019-ம் வருடம் மட்டும் உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் நேரடியாக இறந்தார்கள் என்று 2022-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. இந்த அபாயத்தைத் தடுக்க நாடு முழுவதும் என்ன செய்ய வேண்டும் என்று 2012-ல் மருத்துவர் சங்கங்கள் கூடித் திட்டம் வகுத்தது நம் சென்னையில்தான். ‘சென்னை பிரகடனம்’ என்று அது பெயர் பெற்றது.

‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்று நம் பக்கம் ஒரு பழமொழி. உடம்பு கொஞ்சம் தேறியதும் மருந்தை நிறுத்த அதைத்தான் சாக்காகச் சொல்கிறோம். சில நோய்க்கு டாக்டரே மூன்று நாளோ ஐந்து நாளோ போதும் என்பார். சில நோய்க்குப் பத்து நாள் வேண்டும். எத்தனை நாள் என்பதை டாக்டர் தீர்மானிக்கட்டும். பழமொழி தீர்மானிக்க வேண்டாம். ஐந்து நாள் என்றால் மூன்றில் நிறுத்துவதும் தவறு, பத்தாக நீட்டுவதும் தவறு. தேவையில்லாமல் சாப்பிடும் ஒவ்வொரு கேப்சூலும் கிருமிக்குக் கொடுக்கும் பயிற்சிதான்.

இதைத் தவிர உடனடி ஆபத்தும் உண்டு. சிலருக்குப் பென்சிலின் குடும்ப மருந்து ஒத்துக்கொள்ளாது. உடம்பெல்லாம் தடிப்பு, உதடும் முகமும் வீங்குதல், மூச்சுத் திணறல் என்று வந்தால் ஒரு நொடியும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அபூர்வம்தான், ஆனால் உயிரையே பறிக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். இரண்டு கேப்சூலை வெட்டிக் கொடுக்கும் மளிகைக் கடைக்காரர் இதையெல்லாம் எப்படி விசாரிப்பார்? போதாக்குறைக்கு, அரைகுறை மருந்து டைபாய்டு போன்ற நோயின் ரத்தப் பரிசோதனையில் கிருமி தெரியாமல் மறைத்தும் விடும். நோய் இன்னதென்று அறிவதற்குள் நாள் கடந்துவிடும்.

சட்டம் சொல்வது

1940-ம் வருடத்து மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள் சட்டமும் 1945-ம் வருடத்து விதிகளும் நம் எல்லோருக்கும் பொருந்தும். அமாக்ஸிஸிலின் ‘ஷெட்யூல் ஹெச்’ மருந்து. டாக்டர் சீட்டு இல்லாமல் சில்லறையில் விற்கக் கூடாது என்று அட்டையிலேயே அச்சிட்டிருக்கும். செஃபிக்ஸிம் போன்ற மேலும் வலுவான சில ஆன்டிபயாட்டிக்குகள் 2014 மார்ச் முதல் ‘ஹெச்1’ பட்டியலில் உள்ளன. அவற்றை விற்றால் டாக்டரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்தின் அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் பத்திரப்படுத்த வேண்டும். அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டில்லாமல் வாங்காதீர்கள் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2016-ல் பிரசாரம் செய்தது நினைவிருக்கலாம். பக்கத்துக் கேரளத்தில் சீட்டில்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்கும் கடைகளைப் பிடிக்க 2024-ல் ‘ஆபரேஷன் அம்ரித்’ என்ற பெயரில் சோதனை நடத்தினார்கள்.

மளிகைக் கடைகளுக்கு ஒரு விளக்கம். ஆயிரம் பேருக்கு மேற்படாத கிராமங்களில் சில வீட்டு மருந்துகளைச் சில நிபந்தனைகளோடு உரிமமின்றி விற்க விதியில் சலுகை உண்டு. அந்தச் சலுகையில் எந்த ஆன்டிபயாட்டிக்கும் இல்லை. மொத்த வியாபாரிகளான எங்களுக்கும் விதி தெளிவு: மறுவிற்பனைக்கு வாங்குகிறவரிடம் உரிமம் இருந்தால்தான் பில் போடலாம்.

வியாபாரம் போகாதா?

போகும். உள்ளதைச் சொல்ல வேண்டும். உரிம எண்ணைக் கேட்டுத்தான் பில் போடுவது என்று நாங்கள் முடிவு செய்தபோது, வருடக் கணக்கில் வந்துகொண்டிருந்த கிராமத்துக் கடைக்காரர்கள் சிலர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். “என்ன அண்ணாச்சி, திடீர்னு சட்டம் பேசுறீங்க?” என்று கேட்டவர்களும் உண்டு. சில மாதம் விற்பனை குறைந்தது. பிறகு மருந்துக் கடைகளின் வாடிக்கை பெருகி ஈடு கட்டியது. இவர்களிடம் வாங்கினால் கணக்கு நேராக இருக்கும் என்ற பெயர்தான் அதைக் கொண்டுவந்தது.

டாக்டர் ஃபீஸ் கொடுக்க முடியாத ஏழை என்ன செய்வார் என்ற கேள்வி நியாயமானது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரும் மருந்தும் இலவசம். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல் தொடங்கப்பட்டு, அரசு ஆஸ்பத்திரிகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் மருந்து வாங்கித் தருகிறது. நம்மிடம் காசு கொடுத்து இரண்டு கேப்சூல் வாங்குகிறவருக்கு, அங்கே உரிய மருந்து முழுதாகக் கிடைக்கும். அந்த வழியைக் காட்டுவதே உண்மையான உதவி.

நாம் செய்ய வேண்டியவை

1. மளிகை, பெட்டிக் கடை வைத்திருப்போர் கடையில் ஆன்டிபயாட்டிக் இருந்தால் இன்றோடு விற்பதை நிறுத்திவிடுங்கள். கேட்பவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள்.

2. மருந்துக் கடைச் சகோதரர்கள் சீட்டைப் பார்த்து, அதில் எழுதிய நாள் கணக்குக்கு முழுதாகக் கொடுங்கள். பென்சிலின் ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஸ்ட்ரிப்பை வெட்டும்போது பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் உள்ள பகுதி காணாமல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. மொத்த வியாபாரிகளான நாம் உரிமம் பார்த்தே பில் போட வேண்டும். ‘பத்துக்கு ஒன்று ஃப்ரீ’ என்று கம்பெனி சலுகை தருகிறது என்பதற்காகக் கடைகளில் ஆன்டிபயாட்டிக்கை நிரப்ப வேண்டாம். தேதி நெருங்கிய சரக்கை எப்படியாவது தள்ளிவிடும் வழக்கத்தை இந்த மருந்தில் கைவிடுவோம். காலாவதியான மருந்தைச் சாக்கடையிலோ குப்பையிலோ கொட்டாமல் கம்பெனிக்குத் திருப்பி அனுப்புவோம்.

4. கடைசியாக, நம் சொந்த உடம்பு. கடையை அடைக்க முடியாது, சந்தை நாள், வசூல் நாள் என்று சொல்லிக் கல்லாப் பெட்டியிலேயே கேப்சூல் வைத்துக்கொண்டு விழுங்குகிறவர்கள் நம்மில் அதிகம். தொண்டை கரகரத்தால் ஒன்று, பல் வலித்தால் ஒன்று. வேலைக்கு நிற்கும் பையனுக்கும் அதில் ஒன்று. அந்த டப்பாவை முதலில் கல்லாவிலிருந்து அப்புறப்படுத்துங்கள். வீட்டில் கிடக்கும் மிச்சக் கேப்சூல்களை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

நாம் மேலே சொன்ன பையன் இன்று நாற்பதைத் தாண்டியவர். பின்னாளில் வால்வு ஆபரேஷன் ஆகி, பாரம் தூக்காமல், அப்பாவின் மளிகைக் கடையைக் கவனித்து வருகிறார். சரக்கு எடுக்கப் பஜாருக்கு வரும்போது இப்போதும் எங்கள் கடையில் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் போவார். “ரெண்டு கேப்சூல் குடுங்க” என்று அவர் கடையில் கேட்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்களாம். “இங்க கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போங்க, முழுசாக் குடுப்பாங்க” என்று சொல்லி அனுப்புகிறாராம்.

நம் சங்கத்து உறுப்பினர்கள் எல்லோரும் அந்தப் பதிலையே சொல்ல வேண்டும் என்பதுதான் எங்கள் வேண்டுகோள். இரண்டு கேப்சூலில் வரும் லாபம் நமக்கு வேண்டாம்.